படைக்குறைப்புச் செய்தியைப் பிரித்து வாசிக்கும் முறை

நட்பு நாட்டிலுள்ள படையை அமெரிக்கா குறைக்கப்போவதாகச் செய்தி வந்தால், உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிப்பவர்கள் தலைப்பிலுள்ள எண்ணை உடனே நம்பக்கூடாது. சி.ஆர். கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: இப்போது எத்தனை பேர், குறைப்பது எத்தனை, போகுமிடம், பணத்துக்கு அனுமதி கொடுப்பவர்.

முதல் நிரலில்தான் பிழை அதிகம். நிரந்தரமாக நிற்பவர்களோடு சுழற்சி முறையில் வந்துபோகும் அணிகளும் சேர்கின்றனவா என்று பாருங்கள். தென் கொரியாவில் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை மாறும் பிரிகேட் (பெரிய படையணி) உண்டு. மாற்று அணி வராவிட்டாலே எண்ணிக்கை இறங்கிவிடும். 2025 ஒக்டோபரில் ருமேனியா அறிவித்த, அங்குள்ள அமெரிக்கப் படையின் குறைப்பு இவ்வகையானது.

மற்ற நிரல்களுக்கு ஜேர்மனி நல்ல பயிற்சி. 2020 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் மார்க் எஸ்பர் ஏறத்தாழ 12,000 பேரை அங்கிருந்து எடுப்பதாக அறிவித்தார். பிரித்தால், நாடு திரும்புவோர் சுமார் 6,400. மற்ற 5,600 பேரும் பெல்ஜியம், இத்தாலி போன்ற நேட்டோ நாடுகளுக்கு. ஐரோப்பாவை விட்டுப் போவது பாதிக்குச் சற்றுக் கூடத்தான். நான்காம் நிரலில் அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ்: 34,500க்குக் கீழே போகாதபடி பாதுகாப்புச் சட்டத்தில் கட்டுப்பாடு வைத்தது. 2021 பெப்ரவரியில் புதிய ஜனாதிபதி பைடன் திட்டத்தை நிறுத்தினார். ஏப்ரலில் மேலும் 500 பேரை அனுப்பும் அறிவிப்பே வந்தது.

திகதியைப் பென்சிலால் எழுதுங்கள்; அது மாறக்கூடும். தென் கொரியாவில் 37,500 பேரில் 12,500 பேரைக் குறைக்க 2004இல் திட்டமிட்டார்கள். 2008இல் அது பாதியில் நின்றது. பத்திரிகைகள் இன்றும் எழுதும் 28,500 அப்படி நின்றுபோன எண்தான்.

குறைக்கச் சொன்னது யார் என்பதை ஓரத்தில் குறியுங்கள். 1957இல் திருகோணமலை, கட்டுநாயக்கத் தளங்களைப் பிரித்தானியா ஒப்படைத்தது பண்டாரநாயக்க அரசு கேட்டதால். 1989இல் இந்தியப் படையைப் போகச் சொன்னது பிரேமதாச; கடைசி அணி கப்பலேறியது 1990 மார்ச்சில். ஜேர்மனியோ கேட்கவேயில்லை. இந்த வேறுபாட்டைக் காட்டாமல் மூன்றையும் ஒன்றாக எழுதும் விடை பலவீனமானது.

படையணியின் பெயர், புறப்படும் மாதம், போய்ச்சேரும் முகாம் மூன்றும் இல்லாத செய்தியை ‘யோசனை’ என்றே குறித்து வையுங்கள்.