பச்சையாகிப்போன நீச்சல் குளம் தெளிந்த விதம்

சித்திரை வெயிலில் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. குளோரின் மாத்திரை தினமும் விழுந்துகொண்டுதான் இருந்தது. சோதித்துப் பார்த்தால் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 8, சயனூரிக் அமிலம் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு).

நாங்கள் போட்டது டிரைகுளோர் என்ற வகை மாத்திரை. அது கரையக் கரைய இந்த அமிலமும் தண்ணீரில் சேர்கிறது. வெயிலில் குளோரின் அழியாமல் காக்க இது கொஞ்சம் வேண்டும்தான். மிஞ்சினால் குளோரினையே கட்டிப்போட்டுவிடும். லேசில் குறையவும் செய்யாது. அதனால் பாதிக்கு மேல் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டோம். சயனூரிக் அமிலம் 40-க்கு வந்தது.

அப்புறம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச்சை 7.2-க்கு இறக்கினேன். குளோரின் ஊற்றுவதற்கு முன் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பொழுது சாய்ந்ததும் திரவக் குளோரின் ஊற்றி 16 பிபிஎம்முக்கு ஏற்றினேன். யாரையும் இறங்க விடவில்லை. சுவரையும் படிக்கட்டு மூலைகளையும் பிரஷ்ஷால் தேய்த்து, பம்பை இரவு பகலாக ஓட்டி, மணல் வடிகட்டியை அடிக்கடி பேக்வாஷ் செய்தோம் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அழுக்கைக் கழுவி வெளியேற்றினோம்). பச்சை மாறிச் சாம்பல் நிறமானால் பாசி சாகிறது என்று அர்த்தம்.

ஒன்று மட்டும்: மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் தயவுசெய்து ஒன்றாகக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

தண்ணீர் தெளிந்த பிறகும், ஓர் இரவில் குளோரின் 1 பிபிஎம்முக்கு மேல் குறையாது என்ற நிலை வரும்வரை அளவை இறக்கவில்லை.