ஜீனோம்ல செலக்‌ஷன் நடந்துச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? பால் ஜீன வெச்சு பழகலாம்

உபயோகமான ஒரு மாற்றம் தலைமுறை தலைமுறையா பரவறதுதான் இங்க செலக்‌ஷன். அத தேட நேரா சொந்த டேட்டால இறங்காதீங்க, முதல்ல விடை தெரிஞ்ச இடத்துல கை பழகுங்க. அதுக்கு லாக்டேஸ உண்டாக்குற எல்சிடி ஜீன் மாதிரி வசதியான இடம் கெடைக்காது. பால் செரிக்கிற லாக்டேஸ் என்சைம் வளர்ந்தப்புறம் உலகத்துல நெறய பேருக்கு கொறஞ்சிடும், ஆனா வட ஐரோப்பாக்காரங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கடைசி வரைக்கும் கொறயாது, காரணம் பக்கத்து எம்சிஎம்6 ஜீனுக்குள்ள ஒரே ஒரு எழுத்து மாறினதுதான்.

1000 ஜீனோம்ஸ்ங்கற பொது டேட்டாவோட ஃபேஸ் 3ல 2வது குரோமோசோம் விசிஎஃப் ஃபைல (யாருக்கு எங்க எழுத்து மாறியிருக்குன்னு சொல்றது) மட்டும் டவுன்லோட் பண்ணுங்க. ஃப்ரீதான், ஹாப்லோடைப்பும் (ஒரே குரோமோசோம்ல சேர்ந்து வர்ற எழுத்து வரிசை) ஏற்கனவே பிரிச்சே இருக்கும். ஹெச்ஜி19ங்கற ரெஃபரன்ஸ் ஜீனோம்ல அந்த எழுத்தோட பொசிஷன் 136608646. பேப்பர்ல சி-டின்னு படிச்சிருப்பீங்க, ஃபைல்ல ஜி-ஏன்னு நிக்கும், குழம்பாதீங்க, ஜீன் எதிர் ஸ்ட்ராண்ட்ல இருக்கு அவ்ளோதான்.

இப்ப ஃப்ரீக்வன்சி பாருங்க. ஐரோப்பிய வம்சாவளி சிஇயூ சாம்பிள்ல ஏ முக்கால்வாசிக்கு பக்கம் வரும், நைஜீரியாவோட யொருபா சாம்பிள்ல சுத்தமா இல்லன்னே சொல்லலாம். விசிஎஃப்டூல்ஸ் சாஃப்ட்வேர்ல எஃப்எஸ்டி (ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல எவ்ளோ வித்தியாசம்னு சொல்ற அளவு) போட்டா இந்த இடம் எகிறி நிக்கும். ஆனா ட்ரிஃப்ட்னாலயும், அதாவது தற்செயலா ஃப்ரீக்வன்சி மாறறதாலயும், இப்படி வித்தியாசம் வரும், அதனால இதோட நிறுத்தக்கூடாது.

அடுத்தது ஹாப்லோடைப் நீளம், எனக்கு பிடிச்சதே இதுதான். புது மியூட்டேஷன் வேகமா பரவிட்டா சுத்தி இருக்கறத ரீகாம்பினேஷன் (குரோமோசோம் ஜோடி துண்டு மாத்திக்கிறது) வெட்டிப்போட நேரமே இருக்காது, அதனால ஏ இருக்கற குரோமோசோம்கள்ல 10 லட்சம் எழுத்துக்கு பக்கமா ஒரே மாதிரி ஓடும், ஜி பக்கம் சீக்கிரமே சிதறிடும். செல்ஸ்கேன் சாஃப்ட்வேர்ல ஐஹெச்எஸ் போடுங்க, இந்த ரெண்டு பக்கத்து நீளத்தையும் ஒப்பிடற ஸ்கோர் அது. 5 சதவீதத்துக்கு கீழ உள்ள அல்லீல்கள (ஒரே இடத்துல வர்ற மாற்று எழுத்துங்க) கழிச்சிடுங்க, ஒரே ஃப்ரீக்வன்சில உள்ளதுங்கள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு நார்மலைஸ் பண்ண மறந்துடாதீங்க, இல்லன்னா நம்பருக்கு அர்த்தமே கெடையாது. 2க்கு மேலயோ மைனஸ் 2க்கு கீழயோ போற எஸ்என்பி (ஒரு எழுத்து மாறுற இடம்) ஒண்ணு ரெண்டு எங்கயும் கெடைக்கும், கூட்டமா நிக்குதான்னு பாருங்க. அந்த ஏரியால ரீகாம்பினேஷனே கம்மின்னாலும் நீளமாத்தான் தெரியும், ரீகாம்பினேஷன் மேப்ப ஒருவாட்டி செக் பண்ணிக்குங்க.

தஜிமா டியும் போடலாம், அபூர்வமான மாற்றங்கள் அதிகமா இருந்தா மைனஸ் போற ஸ்கோர் அது, ஆனா மைனஸ் வந்துச்சுன்னு குதிக்காதீங்க, மக்கள்தொகை பெருகினாலே ஜீனோம் முழுக்க மைனஸ்தான் வரும். மத்த இடங்களோட ஒப்பிட்டா மட்டும் பிரயோஜனம்.

அல்லீல் கிட்டத்தட்ட 100 சதவீதம் ஆயிடுச்சுன்னா ஐஹெச்எஸ்க்கு ஒப்பிட ஆளில்ல, அப்ப எக்ஸ்பி-ஈஹெச்ஹெச் போடுங்க, அது ஹாப்லோடைப் நீளத்த இன்னொரு மக்கள் கூட்டத்தோட ஒப்பிடும். இன்னொன்னு, கென்யா, டான்சானியா பக்கம் மாடு மேய்க்கிறவங்க டேட்டா கெடச்சா இதே எஸ்என்பிய தேடாதீங்க, அங்க பால் குடிக்க வெக்கிறது வேற மியூட்டேஷன், 14010ன்னு (எல்சிடி ஜீனுக்கு எத்தனை எழுத்து முன்னாடின்னு குறிக்கிற நம்பர்) தேடுங்க.