தைராய்டு மாத்திரை போட்டும் அசதி போகலையா?

தினமும் மாத்திரை போட்டும் அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுவது நிற்கவில்லையா? டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன், அதை எப்படிப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் காபியோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. காபி, மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. காபியும் டிபனும் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி கட்டாயம் வேண்டும். தைராய்டு உள்ள கர்ப்பிணிகள் தைராய்டு, கால்சியம், இரும்பு என மூன்று மாத்திரைகளையுமே சாப்பிடுவதால் கூடுதல் கவனம் தேவை. அசிடிட்டி மாத்திரை தினமும் போடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டோஸ் மாற்றிய மறுவாரமே டெஸ்ட் எடுப்பது வீண் செலவு. தைராய்டு மாத்திரையில் உள்ள மருந்தான லெவோதைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் (தைராய்டு நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தால்தான் சரியான நிலவரம் தெரியும். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டெஸ்டுக்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள், ரிசல்ட்டையே அது மாற்றிக் காட்டும்.

டிஎஸ்எச் சரியாக இருந்தும் அசதி என்றால் ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து நீங்களாக அரை மாத்திரைகூட அதிகமாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். அளவு மிஞ்சினால் படபடப்பு வரும், நாளடைவில் எலும்பும் தேயும்.