டாக்டரிடம் அனுப்புவதற்கு முன் பார்வையைச் சரியாக அளப்பது எப்படி

கண் கிளினிக் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, மெஷின்களை மெதுவாகப் பழகிக்கொள்ளலாம், முதலில் பார்வையை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கொப்பியில் நீங்கள் எழுதும் 6/18, 6/60 என்பதைப் (6/18 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 18 மீற்றரில் வாசிப்பதை இவர் 6 மீற்றரில்தான் வாசிக்கிறார்) பார்த்துத்தான் டாக்டர் மேற்கொண்டு யோசிக்கவே ஆரம்பிப்பார்.

சார்ட்டுக்கும் ஆளுக்கும் நடுவே 6 மீற்றர் இருக்க வேண்டும். எழுத்துச் சார்ட்டை எல்லோருக்கும் காட்டாதீர்கள். மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் வயதான அம்மாக்கள் சிலருக்கு எழுத்துத் தெரியாது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு "தெரியலங்க" என்று மட்டும் சொல்வார்கள், அதைக் கேட்டுப் பார்வையே இல்லை என்று எழுதினால் பெரிய அநியாயம். அவர்களுக்கு ஆங்கில 'E' எழுத்தை நாலு பக்கமும் திருப்பிப் போட்ட சார்ட்தான் சரி. "அம்மா, இந்தக் கால் மூணும் எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு, கையால காட்டுங்க" என்று கேட்டு, கிட்டத்தில் ஒரு தடவை செய்து காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் வலது கண். இடது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியாகத் தெரிந்துவிடும், அழுத்தி மூடினால் அப்புறம் அந்தக் கண்ணை அளக்கும்போது மங்கும். கண்ணைச் சுருக்குகிறார்களா என்று சார்ட்டை விட்டுவிட்டு முகத்தையே பாருங்கள். மேல் வரியும் தெரியாவிட்டால் விரல் எண்ணச் சொல்லி, அதுவும் முடியாவிட்டால் கை அசைவு, கடைசியாக டோர்ச் வெளிச்சம்.

பார்வை குறைவாக இருந்தால் ஊசித்துளை அட்டையை வைத்து மறுபடி பாருங்கள். அதில் கூடுதலாக வாசித்தால் பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகும் குறை. கூடவில்லையென்றால் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம், டாக்டருக்கு அது முக்கியமான தகவல்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கண் பாப்பாவை (கண்ணின் நடுவிலுள்ள கருமணியை) விரிக்கும் துளி மருந்து. கண் அழுத்த நோய், மருந்து ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்காமல் விடவே கூடாது. கீழ் இமையை இழுத்து ஒரு துளி போதும், விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெளிச்சம் கூசும். பஸ்ஸை விட்டிறங்கி லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) படியும் குறுக்குப் பாதையுமாக ஏற வேண்டியவரைத் தனியாக அனுப்பாதீர்கள். தனியாக வந்திருந்தால் துளி விடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் பேரை (அன்றைய சம்பளத்தை) இழந்து வந்தவரைத் திருப்பி அனுப்புவது பாவம், அதனால் அடுத்த திகதி எழுதும்போதே "துணைக்கு ஆள் கூட்டிட்டு வாங்க" என்று வாயாலும் சொல்லி, கொப்பியிலும் எழுதிக் கொடுங்கள்.