இந்தியக் கடை இல்லாத ஊரில் நம் சமையல் சாமான்

பக்கத்தில் இந்தியக் கடை இல்லையா? பிலிப்பைன்ஸ், வியட்நாம் கடைகளின் ஃப்ரீசரில் தேடுங்கள். பிலிப்பைன்ஸ் கடையில் 'மலுங்காய்' என்று எழுதியிருப்பது முருங்கைக்கீரைதான். கரீபியன் கடையில் 'எடோ' என்று கேட்டால் சேப்பங்கிழங்கு.

உறைந்த தேங்காய்த் துருவலில் சர்க்கரை சேர்த்ததும் உண்டு, லேபிளைப் பாருங்கள். பாக்கெட்டுக்குள் பெரிய பனிக்கட்டிகள் இருந்தால் ஒருமுறை உருகி மறுபடி உறைந்த சரக்கு, விட்டுவிடலாம். சட்னிக்கு நன்றாக உருகியபின் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைக்கவும். குளிரோடு அரைத்தால் கொழுப்பு திரண்டு மிக்ஸியில் ஒட்டும்.

உலர்ந்த கறிவேப்பிலை வீண்செலவு, மணமே இருக்காது. பச்சையாகக் கிடைக்கும்போது நிறைய வாங்கி, ஈரம் போகத் துடைத்து, காற்றுப் புகாத பையில் உறையவிடுங்கள். உருகினால் கறுத்துவிடும், ஃப்ரீசரிலிருந்து நேரே தாளிப்பில் போடவும். எண்ணெய் தெறிக்கும், மூடி கையில் இருக்கட்டும்.