ரெடிஸில் சாவிகளைத் தேடும்போது

ரெடிஸ் என்பது தரவுகளை நினைவகத்தில், ஒவ்வொன்றையும் ஒரு சாவியின் (key, அதாவது பெயரின்) கீழ் வைக்கும் தரவுத்தளம். பயனர்கள் புழங்கும் சர்வரில், சாவிகளைத் தேடிப் பட்டியலிடும் 'கீஸ்' (KEYS) கட்டளையைப் போடவே போடாதீர்கள். ரெடிஸ் கட்டளைகளை ஒரே இழையில் (thread) ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகிறது. 'கீஸ்' எல்லாச் சாவிகளையும் அலசி முடிக்கும்வரை மற்ற கிளையன்ட்டுகள் அத்தனையும் காத்துக் கிடக்கும்.

அதற்குப் பதில், சாவிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் 'ஸ்கேன்' (SCAN). கர்சர் (தேடல் எங்கே நிற்கிறது என்று குறிக்கும் எண்) 0 கொடுத்துத் தொடங்கி, திரும்பி வரும் கர்சரை அடுத்த அழைப்பில் கொடுங்கள். மறுபடி 0 வந்தால்தான் வேலை முடிந்தது. பலர் சறுக்கும் இடம் இதுதான்: வெற்றுப் பட்டியல் வந்ததும் லூப்பை நிறுத்திவிடுகிறார்கள். பெயர் பொருந்தும் சாவிகளை மட்டும் தரும் 'மேட்ச்' (MATCH) வடிகட்டல் சாவிகளை எடுத்த பிறகே நடக்கிறது. அதனால் நடுவில் வெற்றுப் பட்டியல் வருவது இயல்பு. ஒரே சாவி இரண்டு முறையும் வரலாம், உங்கள் நிரலிலேயே களைந்துவிடுங்கள். ஒரு அழைப்பில் சுமார் எத்தனை சாவிகளை அலசுவது என்பதுதான் 'கவுண்ட்' (COUNT), சொல்லாவிட்டால் 10. சாவிகள் லட்சக்கணக்கில் இருந்தால் 500 அல்லது 1000 வையுங்கள். அது குறிப்பு மட்டுமே, வரம்பு அல்ல.

சாவிகளை அழிப்பதற்கு 'டெல்' (DEL) வேண்டாம். 4.0 பதிப்பு முதல் 'அன்லிங்க்' (UNLINK) இருக்கிறது. பெரிய ஹாஷ்களின் (ஒரே சாவிக்குள் பல புலங்களை வைக்கும் மதிப்புகள்) நினைவகத்தைப் பின்னணி இழை விடுவிக்கும்.

இன்னொன்று: காலாவதி நேரம் வைத்த சாவிக்குப் புது மதிப்பு எழுத வெறும் 'செட்' (SET) போட்டால் அந்த நேரம் அழிந்துபோகும், சாவி நிரந்தரமாகத் தங்கிவிடும். 6.0 பதிப்பு முதல், அதனுடன் 'கீப்டிடிஎல்' (KEEPTTL) சேர்த்தால் பழைய நேரம் அப்படியே நிற்கும்.