டெம்ப்ளேட்டுக்குள் பி.எச்.பி.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் வெப்சைட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சர்வரில் ஓடிப் பக்கத்தை உருவாக்கும் பி.எச்.பி. மொழியை நன்றாகவே எழுதுகிறார்கள். எழுதிய நிரலை (கோடு), தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில், தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் டெம்ப்ளேட் (பக்க அச்சு) கோப்புக்குள் வைக்கும்போதுதான் இடறுகிறார்கள், நாங்கள் அந்தக் காலத்தில் இடறிய அதே கல்லில். அரைப்புள்ளியை மறப்பது, சைல்டு தீம் (மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம்) இல்லாமல் தீமைத் திருத்தி அடுத்த அப்டேட்டில் பறிகொடுப்பது இதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

இன்றைய தேதியை டேட் ஃபங்ஷனிடம் கேட்பது

ராயக்கோட்டை தக்காளி விலையை ‘இன்றைய விலை’ என்று தேதியோடு காட்டும் பக்கம் ஒன்று. விடியற்காலை ஐந்து மணிக்குத் திறந்தால் நேற்றைய தேதி, ஆறு மணிக்குத் திறந்தால் சரியான தேதி. எழுதியவர் ஹோஸ்டிங்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வேர்ட்பிரஸ் தொடங்கும்போதே பி.எச்.பி.யின் கடிகாரத்தை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் வைத்துவிடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆகவே காலை 5.30 வரை பி.எச்.பி.யின் டேட் ஃபங்ஷனுக்கு நேற்றுதான். அமைப்புகளில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று வைத்துவிட்டு, வேர்ட்பிரஸின் சொந்த டபிள்யூ.பி. டேட் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்.

ஆளுக்கு ஆள் மாறுவதைக் கேச் ஆகும் பக்கத்தில் எழுதுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. மாங்கூழ் தயாரிக்கும் ஒரு கம்பெனி. டீலர்கள் உள்ளே நுழைந்தால் அவரவர் பெயரும், அவரவருக்குப் பேசிவைத்த தோத்தாபுரி கூழ் டின் விலையும் தெரிய வேண்டும். வேலையை எடுத்த பையன் வேர்ட்பிரஸின் லாகினை விட்டுவிட்டுத் தானே ஒரு லாகின் செய்தான். டீலர் எண்ணை ஒரு குக்கீயில் (பிரவுசர் வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பு) போட்டான். ஹெடர் டெம்ப்ளேட்டில் அந்தக் குக்கீயைப் படித்து விலையை அச்சிட்டான். (குக்கீயில் எண்ணை மாற்றினால் யாரும் யாராகவும் நுழையலாம் என்பது தனிக் கதை.) அப்புறம், வேகத்துக்காக, உருவான பக்கத்தைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் கேச் பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) ஒன்றையும் போட்டான்.

சீசன் மும்முரத்தில் சேலத்து டீலர் ஒருவர் போன் செய்தார். “என்னங்க, தர்மபுரிக்காரருக்கு டின்னுக்கு இவ்வளவு குறைச்சு போட்டிருக்கீங்க, எனக்கு மட்டும் ஏன் இந்த விலை?” அவர் திரையில் இருந்தது தர்மபுரி டீலரின் பெயரும் விலையும். சாயங்காலத்துக்குள் மற்ற டீலர்களும் பார்த்துவிட்டார்கள். கடைசியில் கம்பெனி எல்லாருக்கும் அதே விலையைக் கொடுத்துத்தான் சமாதானம் செய்தது.

கேச் போட்ட தளத்தில் டெம்ப்ளேட்டின் பி.எச்.பி. ஒவ்வொருவர் பார்க்கும்போதும் ஓடாது. கேச் காலியாக இருக்கையில் முதலில் வருபவருக்காக ஒருமுறை ஓடும். அப்போது கிடைத்த எச்.டி.எம்.எல்.லைப் பிளகின் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தக் கோப்புதான் போகும். நீங்கள் எழுதிய இஃப், எல்ஸ் எல்லாம் அதில் இருக்காது. வேர்ட்பிரஸின் சொந்த லாகின் குக்கீயைக் கண்டால் பெரும்பாலான கேச் பிளகின்கள் ஒதுங்கிக்கொள்ளும். பையன் பெயர் வைத்த குக்கீயை அது எங்கே கண்டது?

“எனக்குச் சரியாத்தானே வருது சார்” என்று அவன் சாதித்ததுதான் இன்னும் மோசம். அவன் அட்மினாக லாகின் செய்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். அட்மினுக்குப் பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் என்பதால் அவனுக்குப் பிழை தெரியவே வழியில்லை. டெம்ப்ளேட்டின் அடியில் ஒரு எச்.டி.எம்.எல். கமென்ட்டுக்குள் நேரத்தை வினாடியோடு அச்சிடுங்கள். பிரைவேட் விண்டோவில் திறந்து, சோர்ஸைப் பார்த்து, ரீலோடு செய்யுங்கள். வினாடி நகரவில்லையா? உங்கள் கோடு ஓடவில்லை.

சரி, என்ன செய்வது? பக்கத்தை எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள். பெயரும் விலையும் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத் தனி முகவரியிலிருந்து வரட்டும். அந்த முகவரி, ‘சேமித்து வைக்காதே’ என்று சொல்லும் நோ-ஸ்டோர் ஹெடரைப் பதிலோடு அனுப்ப வேண்டும், கேட்பவர் யார் என்பதைச் சர்வரிலேயே சரிபார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தையே கேச்சிலிருந்து விலக்கினாலும் சரிதான். ஆனால் தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை ஒன்றும் பக்கத்தைக் கேச் செய்தால் அங்கேயும் தனியாக விலக்க வேண்டும். எதைச் செய்தாலும் பழைய கேச்சைக் காலி செய்யுங்கள். இதை மறந்துவிட்டு ராத்திரி போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பதிவு எழுதும் பெட்டிக்குள் பி.எச்.பி.

இதற்கென்றே பிளகின்கள் உண்டு. பி.எச்.பி. எவ்ரிவேர் என்ற பிளகினில் 2022இல் வெளியே தெரிந்த ஓட்டையில், வெறும் சந்தாதாரர் கணக்கு இருந்தாலே சர்வரில் எந்தக் கோடையும் ஓட்ட முடிந்தது. வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு தள மென்பொருளான ட்ரூபல் தன் 8ஆம் பதிப்பில் இந்த வசதியை மையத்திலிருந்தே எடுத்துவிட்டது. கோடு கோப்பில் இருக்கட்டும்.

லூப்புக்குள் இன்னொரு லூப்

பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவது லூப். உள்ளே இருக்கும் லூப் முடிந்ததும் போஸ்ட் டேட்டாவை (இப்போது எந்தப் பதிவு என்ற தகவலை) ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் கீழே வரும் தலைப்பும் படமும் வேறு பதிவுடையதாக இருக்கும்.

பார்வையாளர் தட்டியதை அப்படியே அச்சிடுவது

கூடாது.

பக்கம் திறக்கும்போதே வெளிச் சர்வரைக் கேட்பது

ஒகேனக்கல் வானிலையைக் காட்ட ஆசைப்பட்ட ஒரு லாட்ஜ் தளம், வானிலைச் சர்வர் படுத்தபோதெல்லாம் கூடவே படுத்தது. வேர்ட்பிரஸ் வெளிச் சர்வருக்காக வழக்கமாக 5 வினாடி வரை காத்திருக்கும். அதுவரை பார்ப்பவருக்கு வெள்ளைத் திரைதான். வந்த விடையை டிரான்சியன்டில் (வேர்ட்பிரஸின் தற்காலிகச் சேமிப்பு) அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடை வராத நேரத்துக்குப் பழைய விடை ஒன்றைத் தனியாகச் சேமித்து வையுங்கள், ஏனென்றால் அரை மணி கழிந்ததும் டிரான்சியன்ட் காலியாகிவிடும்.